பி.டி. சார் எடுத்த முகங்கள்

ஜனவரி 6, திங்கள்

பிரேயர் முடிந்ததும் தலைமையாசிரியர் கூப்பிட்டனுப்பினார். இந்த வருடம் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிரியாவிடை மலர் போடப் போகிறாராம். வழக்கமான குரூப் போட்டோ போதாதாம். ஒவ்வொரு பையனுக்கும் ஒரு பெரிய படம், கீழே பெயர், அவன் ஆசை என்னவென்று ஒரு வரி.

“உங்ககிட்டத்தான் கேமரா இருக்குதே குழந்தைவேலு. நீங்களே எடுத்துருங்க” என்றார்.

போன வருடம் மாவட்டப் போட்டிகளுக்காக ஒரு கல்யாண போட்டோகிராபரிடம் பழையதாக வாங்கிய கேமரா அது. ஓடுகிற பையனை எடுத்திருக்கிறேன், உயரம் தாண்டுகிறவனை எடுத்திருக்கிறேன். சும்மா நிற்கிற பையனை எடுப்பதில் என்ன கஷ்டம் என்று ஒப்புக்கொண்டேன்.

இருபத்திரண்டு வருடமாக இந்தப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். பையன்களுக்கு பி.டி. சார். திங்கட்கிழமை காலையில் கேட்டில் கத்தரிக்கோலோடு நிற்பவனும் நான்தான். முடி காதைத் தொட்டால் அங்கேயே ஒரு வெட்டு விழும். மீதியைப் பையன் சலூனில் போய்ச் சரிசெய்துகொள்ள வேண்டியது. இன்று இரண்டு பேர்தான் அகப்பட்டார்கள்.

அந்த வகுப்பில்தான் என் பையன் பரிதியும் படிக்கிறான். வீட்டில் அவனிடம் மலர் விஷயம் சொல்லலாம் என்று பார்த்தேன். ஏதோ எழுதிக்கொண்டிருந்தான். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம். கேமரா பேட்டரிக்குச் சார்ஜ் போட வேண்டும்.

ஜனவரி 7, செவ்வாய்

கடைசி இரண்டு பீரியடில் பதினைந்து பேரை எடுத்தேன். மேடைக்குப் பக்கத்தில் வெள்ளைச் சுவர், அதற்கு முன்னால் ஒருவன், மற்றவர்கள் வேப்பமரத்தடியில் வரிசை. ஒருவன் முடிந்ததும் விசில் ஊதுவேன், அடுத்தவன் ஓடி வருவான். மளமளவென்று வேலை நடந்தது.

வீட்டில் வந்து பார்த்தால் எல்லாம் ஹால் டிக்கெட் படம். சட்டைப் பட்டன் கழுத்து வரைக்கும் போட்டு, தாடையை உள்ளே இழுத்து, கை இரண்டையும் தொடையோடு ஒட்டி நிற்கிறார்கள். “சிரிடா” என்று நான் அதட்டியதில் நாலு பேர் பல்லைக் காட்டியிருக்கிறார்கள். அதைச் சிரிப்பென்று அவர்களைப் பெற்றவர்கள்கூடச் சொல்ல மாட்டார்கள்.

இந்த வயதுப் பையன்களின் முகமே ஒரு தினுசு. மீசை வந்தும் வராமலும் இருக்கிறது. மூக்கு மட்டும் முதலில் வளர்ந்துவிட்டு மற்றதற்காகக் காத்திருக்கிறது. பருவைக் கிள்ளிக் கிள்ளிப் புண்ணாக்கி வைத்திருக்கிறார்கள். அந்த முகத்தை என்ன செய்வதென்று அவர்களுக்கே தெரியவில்லை.

ஜனவரி 8, புதன்

கம்ப்யூட்டர் டீச்சர் மணிமேகலையிடம் படங்களைக் காட்டினேன். மலரை அவர்தான் வடிவமைக்கிறார். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, “தப்பா நெனைக்காதீங்க சார். எல்லாரும் அடி வாங்கறதுக்கு நிக்கற மாதிரி இருக்கறாங்க” என்றார்.

நான் கேமராவைக் குறை சொன்னேன். அவர் என் கழுத்தை ஒரு தடவை பார்த்தார். சட்டைக் காலரில் அழுக்கோ என்னவோ.

ஜனவரி 10, வெள்ளி

மூன்று நாளில் சில விஷயங்கள் பிடிபட்டிருக்கின்றன. மறந்துவிடாமல் இருக்க எழுதி வைக்கிறேன். வெள்ளைச் சுவர் ஆகாது, அது போலீஸ் ஸ்டேஷன் படம் மாதிரி வருகிறது. மத்தியான வெயிலும் ஆகாது, கண்ணெல்லாம் குழியாகிவிடுகிறது. நாலரை மணிக்கு மேல் சைக்கிள் ஷெட் ஓரமாக நல்ல வெளிச்சம் விழுகிறது. கையைச் சும்மா விட்டால் பையனுக்கு உயிர் போகிறது, அதனால் ஏதாவது பிடிக்கக் கொடுக்க வேண்டும். பந்தோ, சைக்கிள் ஹேண்டில்பாரோ, எதுவானாலும் சரி. சிரி என்று சொல்லவே கூடாது. நண்பர்களைப் பக்கத்தில் நிற்க விடுவதா, விரட்டுவதா என்பது மட்டும் இன்னும் பிடிபடவில்லை. விரட்டினால் பையன் மரமாகிறான், விட்டால் குரங்காகிறான்.

மாதேஸ் படம் ஒன்றுதான் நன்றாக வந்திருக்கிறது. பர்கூர் மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கிற பையன், நானூறு மீட்டரில் நம் பள்ளிக்குப் பேர் வாங்கிக் கொடுப்பவன். ஷூ லேஸைக் கட்டிவிட்டு அவன் நிமிர்ந்தபோது எனக்குக் கை தவறி அமுங்கிவிட்டது. அதில் அவன் யாரையோ பார்த்துச் சிரிக்கப் போகிற மாதிரி இருக்கிறான். என்னைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு போயிருக்கும். நல்லவேளை, அதற்குள் படம் விழுந்துவிட்டது.

பரிதியின் முறையும் இன்றுதான். வரவில்லை. “தலவலிங்க சார். பொங்கலுக்கு அப்பறம் எடுத்துக்கறேங்க சார்” என்று சொல்லிவிட்டு லைப்ரரிப் பக்கம் போய்விட்டான்.

சார் என்று கூப்பிடச் சொன்னது நான்தான். ஆறாம் வகுப்பில் சேர்த்த அன்று, “ஸ்கூல்ல நான் உனக்கு சார். அப்பான்னு கூப்புட்டா மத்த பசங்க ஒரு மாதிரி நெனப்பாங்க” என்றேன். வாத்தியார் வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் இங்கே அதுதான் வழக்கம். அவனும் ஒரு நாள்கூடத் தவறியதில்லை. வீட்டில் இப்போதெல்லாம் அவன் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தேவைப்படவில்லை போலிருக்கிறது.

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கல். எங்களுக்கு மாடு இல்லை, திங்கட்கிழமையிலிருந்து லீவு இருக்கிறது. மனைவி தெய்வானை கரும்பை வெட்டிப் போட்டுவிட்டு வெயிலில் உட்கார்ந்திருந்தாள். பரிதி பக்கத்தில் உட்கார்ந்து கடித்துக்கொண்டிருந்தான். நல்ல வெளிச்சம். கேமராவை எடுத்து வந்தேன். கண்ணில் வைத்ததும் எழுந்து உள்ளே போய்விட்டான்.

முடி நன்றாக வளர்ந்திருக்கிறது. காதைத் தொட்டுவிட்டது. கண்ணாடி முன்னால் நின்று முன்முடியைப் பக்கவாட்டில் தள்ளுகிறான், மறுபடியும் இழுத்துவிட்டுக்கொள்கிறான். நாள் முழுவதும் இதே வேலைதான்.

பரீட்சைக்கு இன்னும் ஆறேழு வாரம்கூட இல்லை.

ஜனவரி 19, ஞாயிறு

தலைமையாசிரியர் போன் செய்தார். நீள முடியோடு ஒரு படம்கூட மலரில் வரக்கூடாதாம். மலர் கல்வி அலுவலகத்துக்கெல்லாம் போகுமாம். “நாளைக்குக் கேட்ல ஒருத்தன விடாதீங்க. முடிய ஒழுங்கு பண்ணிட்டு அப்பறம் எடுங்க.”

தெய்வானையிடம், “அவன இன்னைக்கே சலூனுக்குப் போகச் சொல்லு” என்றேன்.

“பக்கத்து ரூம்லதானுங்க இருக்கறான். நீங்களே சொல்லுங்களே” என்றாள்.

கதவு வரைக்கும் போனேன். கணக்கு போட்டுக்கொண்டிருந்தான். படிக்கிற பையனை எதற்குத் தொந்தரவு செய்வது என்று திரும்பிவிட்டேன். அவனாகவே போவான். பி.டி. சார் பையனுக்குத் திங்கட்கிழமை தெரியாதா?

ஜனவரி 20, திங்கள்

இன்று கேட்டில் எட்டுப் பேர். கத்தரிக்கோலுக்கு எண்ணெய் விட வேண்டும். தெய்வானை வாழைப்பழம் வாங்கி வரச் சொன்னாள், மறந்துவிட்டேன்.

ஜனவரி 21, செவ்வாய்

ஸ்டாஃப் ரூமில் ஒரே பாராட்டு. “சொந்தப் பையனையும் விடலயே, பி.டி. சாருன்னா பி.டி. சார்தான்” என்று வேதியியல் ஆசிரியர் தோளில் தட்டினார். தலைமையாசிரியர் பிரேயரிலேயே சொல்லிவிட்டார். கடமை என்றால் குழந்தைவேலு மாதிரி இருக்க வேண்டுமாம். நான் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன்.

எட்டாவதாக நின்றவன் பரிதி. அவனுக்கு முன்னால் ஏழு பேருக்கு வெட்டியாகிவிட்டது. வெட்டு வாங்கியவர்கள் ஒருவனும் வகுப்புக்குப் போகவில்லை, நான் என்ன செய்யப் போகிறேன் என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவன் ஓடவில்லை, கெஞ்சவுமில்லை. புத்தகப் பையைக் கீழே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்தான். “வெட்டுங்க சார்” என்றான்.

வெட்டினேன். விட்டிருந்தால் மற்ற ஏழு பேருக்கும் நான் என்ன பதில் சொல்வது?

ராத்திரி உப்புமா. எனக்கு உப்புமா பிடிக்காதென்று தெய்வானைக்குத் தெரியும்.

ஜனவரி 23, வியாழன்

இன்று காலையில்தான் தெய்வானை வாய் திறந்தாள். காபியை டொக்கென்று வைத்துவிட்டு நின்றாள்.

“அவன் எதுக்கு முடி வளத்தான்னு உங்களுக்குத் தெரியுமாங்க?”

“எல்லாரும் வளக்கறாங்க, இவனும் வளத்தான்.”

“போட்டோவுக்குங்க. நீங்க எடுக்கற போட்டோவுக்கு. மாதேஸ் படத்த அவங்க வாட்ஸ்அப்ல பாத்துட்டு வந்து, எங்கிட்டக் காட்டி, எப்படி எடுத்திருக்கறாரு பாரும்மான்னு சொன்னான். முன்முடி இன்னுஞ் சித்த வளந்தா நல்லா விழுகும், பொங்கலுக்கு அப்பறம் போய் நிக்கறேன்னான். நெத்தியில பரு இருக்குதல்ல, அத மறைக்கறதுக்கு.”

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாமல்ல” என்றேன்.

“யாருகிட்ட? சார்கிட்டயா?” என்று கேட்டுவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

அவன் என்னைத் தட்டிக்கழிக்கிறான் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். மனசு சங்கடமாக இருக்கிறது. வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஜனவரி 24, வெள்ளி

எட்டுப் பேரில் ஒருவனும் படத்துக்கு வரவில்லை. விசில் ஊதி ஊதி வாய் வலிக்கிறது. சலூனுக்கும் அவர்கள் போகவில்லை. காதுக்கு மேலே நான் வெட்டிய பள்ளத்தோடே திரிகிறார்கள்.

ஜனவரி 26, ஞாயிறு

குடியரசு தினம். இன்றைக்கு நடந்ததை முழுக்க எழுதியாக வேண்டும்.

கொடியேற்ற ஓய்வு பெற்ற தாசில்தார் ஒருவர் சிறப்பு விருந்தினர். அணிவகுப்பு என் பொறுப்பு. எட்டு மணிக்கு மைதானத்தில் பையன்களை வரிசைப்படுத்தப் போனால் பன்னிரண்டாம் வகுப்பு வரிசையில் மஞ்சள் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. கிட்டப் போனால் மொட்டை. மொட்டையில் சந்தனம். எட்டுப் பேர் என்றால்கூடப் புரிந்துகொள்ளலாம். மொத்தம் பத்தொன்பது பேர்.

மாதேஸ்தான் முன்னால் நின்றான். அவனுக்குக் கேட்டில் வெட்டே விழவில்லை, அவன் முடி எப்போதுமே ஒட்ட வெட்டினதுதான்.

“என்றா இது?” என்றேன்.

“வேண்டுதலுங்க சார். நேத்து எல்லாருஞ் சென்னிமலைக்குப் போயிருந்தமுங்க. பரிட்சையில பாஸாகோணும்னு.”

“பத்தொம்பது பேருக்கும் ஒரே நாள்ல வேண்டுதலா?”

“முருகன் எல்லாருக்கும் பொதுவுங்க சார்.”

முகத்தில் ஒரு சலனம் இல்லை. பின்வரிசையில் ஒருவன் மட்டும் இருமுகிற மாதிரி சத்தம் போட்டான். ஓரமாக நின்றவன் பரிதி. சந்தனத்துக்குக் கீழே காது இரண்டும் பெரிதாகத் தெரிந்தன. என்னைப் பார்க்கவில்லை, கொடிக்கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தலைமையாசிரியரின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. ஆனால் தாசில்தார் நெகிழ்ந்துபோய்விட்டார். இந்தக் காலத்திலும் இப்படிப் பக்தியுள்ள மாணவர்களா என்று மைக்கில் பத்து நிமிடம் பேசினார். அதற்குமேல் யார் என்ன சொல்ல முடியும்? மிட்டாய் கொடுத்து அனுப்பிவிட்டோம்.

வருகிற வழியில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சைக்கிள் கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுச் சிரித்தேன். அப்புறம் ஓர் எண்ணம் வந்து சிரிப்பு நின்றுவிட்டது. பாதி வெட்டின தலையோடு எட்டுப் பேர் தனியாகத் திரியக் கூடாதென்று பதினோரு பேர் தங்கள் முடியைக் கொடுத்திருக்கிறார்கள். மாதேஸுக்கு இருந்ததே கொஞ்சம், அதையும் கொடுத்திருக்கிறான்.

ஜனவரி 28, செவ்வாய்

இன்று அந்தப் பத்தொன்பது பேரையும் எடுத்தேன். நான் கூப்பிடவில்லை. நாலரை மணிக்குச் சைக்கிள் ஷெட்டுக்கு அவர்களாகவே வந்து நின்றார்கள். விசில் ஊதத் தேவைப்படவில்லை.

இந்த மாதிரி ஒரு சாயங்காலத்தை நான் பார்த்ததில்லை. சீவுவதற்கு முடி இல்லை, மறைப்பதற்கும் ஒன்றும் இல்லை. சீப்பும் செல்போன் கண்ணாடியும் சட்டைப் பையிலேயே கிடந்தன. ஒருவன் வந்து நின்றால் மற்றவர்கள் அவன் மண்டையைப் பார்த்து ஏதாவது சொல்கிறார்கள், அவன் திரும்பி முறைத்துவிட்டுச் சிரிக்கிறான், நான் அமுக்குகிறேன். ஒருவனுக்குத் தலை தேங்காய் மாதிரி நீளம். ஒருவனுக்குப் பின்மண்டை தட்டை. “ஒரே பக்கமாத் தூங்க வெச்சுட்டாங்க சார் எங்கம்மா” என்று அவனே சொல்லிக் காட்டினான். நண்பர்களை விரட்டுவதா வைத்துக்கொள்வதா என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிட்டது.

கடைசியாகப் பரிதி வந்தான். தாடையை உள்ளே இழுத்தான், கையைத் தொடையோடு ஒட்டினான். “ரெடிங்க சார்” என்றான்.

ஒன்று எடுத்தேன். இன்னொன்று எடுக்க மனசு வரவில்லை. “சரி, போ கண்ணு” என்றேன். பள்ளியில் அவனைக் கண்ணு என்று கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. காதில் விழுந்ததா தெரியவில்லை. திரும்பி நடந்தபோது உச்சந்தலையைப் பார்த்தேன். இரட்டைச் சுழி. பிறந்தபோது தெய்வானையின் அம்மா இதைக் காட்டி, “அப்பனுக்கும் இதே, மகனுக்கும் இதே” என்று கேலி செய்தது நினைவிருக்கிறது. சுழி இருந்ததையே நான் மறந்துவிட்டேன்.

ஜனவரி 29, புதன்

தலைமையாசிரியர் மணிமேகலை டீச்சரிடம் மொட்டைப் படம் எதையும் சேர்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். பதினோராம் வகுப்பு அடையாள அட்டைப் படத்தையே போட்டுவிட வேண்டுமாம்.

படங்களைப் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். மேஜையில் வரிசையாக வைத்தேன்.

“என்னய்யா இது, மலரா இல்ல மடமா?” என்றார்.

“இதுல முகத்தப் பாருங்க சார். அட்டைப் படத்துல இருக்கறது யாருன்னு அவங்கம்மாவுக்கே அடையாளந் தெரியாது.”

“நீங்கதான முடிய வெட்டறவரு. நீங்களே இப்படிப் பேசினா?”

“வெட்டினவன் நான்தானுங்க. அதனாலதான் கேக்கறேன். இந்தப் படம் வரலீன்னா நான் எடுத்த படம் ஒன்னுகூட மலர்ல வேண்டாமுங்க.”

இருபத்திரண்டு வருடத்தில் அவர் அறையில் சரிங்க சார் என்பதைத் தவிர நான் வேறு சொன்னதில்லை. அவர் படங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். தட்டை மண்டைப் பையன் படத்தில் அவருக்கே உதடு கொஞ்சம் இழுத்தது.

“என்னமோ பண்ணுங்க. ஆசிரியர் பக்கத்துக்கு உங்க படம் இன்னும் வரல. நீங்களாவது தலய சீவிட்டு எடுங்க” என்றார்.

பரிதி படத்தை மட்டும் நான் மேஜையில் வைக்கவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை. திங்கட்கிழமை காலையில் எல்லாவற்றையும் டீச்சரிடம் கொடுத்தாக வேண்டும்.

பிப்ரவரி 1, சனி

காலையில் பரமு சலூனுக்குப் போனேன். மொட்டை அடிக்கச் சொன்னேன். “ஏனுங்க வாத்தியாரே, ஊட்ல எல்லாரும் நல்லா இருக்கறாங்களல்ல?” என்று பரமு பயந்துபோய்க் கேட்டார். வெயிலுக்கு நல்லது என்றேன். வெயில் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

தெய்வானை கதவைத் திறந்து, வாயைப் பொத்திக்கொண்டு, திரும்ப உள்ளே போய்விட்டாள். சமையலறையில் அவள் சிரிக்கிற சத்தம் வெகுநேரம் கேட்டது. பரிதி ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து வந்து என்னைப் பார்த்தான். சாப்பிடும்போது நாலைந்து தடவை நிமிர்ந்து பார்த்தான்.

மத்தியானம் பருப்பு ரசமும் அப்பளமும்.

பிப்ரவரி 2, ஞாயிறு

ஆசிரியர் பக்கத்துக்குப் படம் எடுக்க வேண்டுமே என்று சாயங்காலம் கேமராவை மொட்டை மாடிக்கு எடுத்துப் போனேன். தண்ணீர்த் தொட்டி மேல் வைத்து, டைமர் போட்டு, ஓடிப்போய் நின்றேன். ஒரு தடவை காது மட்டும் வந்தது, இன்னொரு தடவை துணி காயப்போடும் கயிறு வந்தது. நாலாவது தடவை ஓடும்போது படிக்கட்டில் பரிதி நிற்பதைப் பார்த்தேன். எவ்வளவு நேரமாக நின்றானோ.

“குடுங்க, நான் எடுக்கறேன்” என்றான்.

கொடுத்தேன். சுவரோரம் போய் நின்றேன். தாடையை உள்ளே இழுத்து, கையைத் தொடையோடு ஒட்டி, நேராக நின்றேன். அவன் கண்ணில் வைத்தான். இறக்கினான். மறுபடி வைத்தான்.

“என்றா?” என்றேன்.

“ஹால் டிக்கெட் போட்டோவாட்டம் இருக்கறீங்க.”

“நான் நல்லாத்தான நிக்கறேன்.”

அவன் கேமராவை இறக்கிவிட்டுக் கிட்டே வந்தான். என் கழுத்தைக் காட்டினான்.

“அப்பா, மொதல்ல அந்த விசிலக் கழட்டுங்க. அதப் பாத்தா எவனுக்கு சிரிப்பு வரும்?”

ஞாயிற்றுக்கிழமை, வீட்டு மாடியில், மொட்டைத் தலையோடு நிற்கிறேன். கழுத்தில் விசில் கிடக்கிறது. குளிக்கும்போது தவிர அதைக் கழற்றியதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கழற்றிக் கொடுத்தேன். கயிற்றைச் சுருட்டித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

அவன் எடுத்த படத்தில் நான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். மாடியில் தூசி அதிகம் என்று எழுத நினைத்தேன். வேண்டாம், அழுதேன்.

அப்புறம் கேமராவை நான் வாங்கிக்கொண்டேன். அவன் தொட்டி மேல் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டினான். என் தலையைப் பார்த்து, “உங்களுக்கும் ரெட்டச் சுழியாப்பா?” என்றான். அப்போது அமுக்கினேன். நெற்றியில் பரு இருக்கிறது, காது பெரிதாக இருக்கிறது. வாய் கொள்ளாமல் சிரிக்கிறான். அந்தப் படம்தான் நாளைக்கு மலருக்குப் போகிறது.

நாளை திங்கட்கிழமை, எட்டரைக்குக் கேட்டில் நிற்க வேண்டும். விசில் இன்னும் அவன் சட்டைப் பையில்தான் இருக்கிறது. நான் திருப்பிக் கேட்கவில்லை.